பழைய கார்டு பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கள் என்றால் வேறு எதைப் பேசுவாள்? டிவிக்குப் பின்னால் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியைப் பற்றித்தான் பேசுவாள். தயாரிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சரி என்றுவிட்டார்.

ராஸ்பெர்ரி பை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏடிஎம் கார்டு அளவுக்கு ஒரு போர்டு, அதுவே ஒரு முழுக் கணினி. 2012 பிப்ரவரி 29ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர், நினைவகம் 256 எம்பி. பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று செய்த போர்டு. வாங்கிய வீடுகளில் பாதி அதை டிவியில் மாட்டிப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டன என்பது என் சந்தேகம். என் மாணவர்கள் வீடுகளில் நிச்சயமாக அதுதான் நடந்தது.

படம் பார்க்க வைக்கும் மென்பொருளின் பெயர் கோடி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கியது அது. எக்ஸ்பிஎம்சி என்று வெகுகாலம் அழைத்தார்கள். 2014இல்தான் கோடி ஆனது. ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அட்டைப்படத்தோடு அடுக்கிக் காட்டும். டிவி ரிமோட்டிலேயே இயக்கலாம், தனி ரிமோட் தேவையில்லை. இந்தக் கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே சின்னதாகச் செய்த இயங்குதளம் லிப்ரெஎலெக். டெபியன் லினக்ஸைத் தழுவிய ஓஎஸ்எம்சி என்று இன்னொன்றும் உண்டு. நான் பெரும்பாலும் லிப்ரெஎலெக்கை மனதில் வைத்தே பேசுகிறேன்.

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "மேடம், பையன் ஏதோ அப்டேட் போட்டுட்டுப் போனான், டிவி ஒரு மாதிரி இருக்கு." எல்லாப் போனுக்கும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: பழைய கார்டு எங்கே?

அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் நேரம் இருக்காது. அப்டேட் போடுவதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மெமரி கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, மேலே தேதியும் பதிப்பு எண்ணும் எழுதி வையுங்கள். புதிதாக ஒரு கார்டு வாங்கி, புதுப் பதிப்பை அதில் ஏற்றுங்கள். பிடிக்கவில்லையா? பழைய கார்டைத் திரும்பச் செருகுங்கள், நேற்று இருந்த டிவி வந்துவிடும். இந்த வசதி உங்கள் செல்போனில் கிடையாது, லேப்டாப்பிலும் லேசில் கிடையாது. இயங்குதளம், உங்கள் செட்டிங்ஸ், பார்த்த படங்களின் கணக்கு எல்லாமே நகத்தளவு கார்டில்தான். நான்காம் தலைமுறையான பை 4 முதல், போர்டை உயிர்ப்பிக்கும் தொடக்க நிரல் மட்டும் போர்டிலேயே ஒரு சில்லில் உட்கார்ந்துவிட்டது. மற்றதெல்லாம் கார்டோடு வரும், கார்டோடு போகும்.

கார்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடைத்தெருவில் 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்திருக்கும் போலிக் கார்டுகள் உலவுகின்றன. எஃப்3 என்று ஓர் இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் பார்த்து, திரும்பப் படித்து, குட்டை உடைத்துவிடும். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.

சரி, அப்டேட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கரும்பலகை இருந்தால் இரண்டு கட்டம் வரைந்து காட்டியிருப்பேன். வானொலியில் வாயால்தான் வரைய வேண்டும். லிப்ரெஎலெக் கார்டில் இரண்டு பகுதிகள். ஒன்றில் இயங்குதளம் முழுவதும் இரண்டே பெரிய கோப்புகளாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், அதை நீங்கள் திருத்த முடியாது. மற்றதில் உங்களுடையது எல்லாம். அப்டேட் வரும்போது முதல் பகுதியின் இரண்டு கோப்புகளும் அப்படியே மாற்றப்படும், உங்கள் பகுதி அங்கேயே இருக்கும். செட்டிங்ஸில் லிப்ரெஎலெக் என்ற தலைப்பின் கீழ் அப்டேட் என்று இருக்கிறது, அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வீட்டு நெட்வொர்க்கில் லேப்டாப்பிலிருந்து பார்த்தால் அந்தப் பெட்டியில் அப்டேட் என்றே ஒரு ஃபோல்டர் தெரியும். கோப்பை அதில் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடம் கரண்ட் போகக் கூடாது. எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று இதைத் தொடவே மாட்டேன்.

அப்புறம் நூலகக் கணக்கு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எதைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் ஒரு தரவுக் கோப்பில் இருக்கிறது. கோடியின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அந்தக் கோப்பின் பெயரிலுள்ள எண் மாறும். 17ஆம் பதிப்பில் மைவீடியோஸ்107, 18இல் 116, 19இல் 119. மளிகைக் கடைக்காரர் புது வருடத்துக்குப் புதுப் பேரேடு போட்டு நிலுவையை எடுத்து எழுதிக்கொண்டு, பழைய பேரேட்டைக் கிழிக்காமல் அலமாரியில் வைப்பார் அல்லவா, கோடியும் அதைத்தான் செய்கிறது. அதனால் பழைய பதிப்புக்குத் திரும்பினால் பழைய கணக்கு கிடைக்கும். அப்டேட்டுக்குப் பிறகு பார்த்தவை மட்டும் அதில் ஏறியிருக்காது.

பேக்கப் பொத்தானும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது எடுக்கும் பேக்கப் அதே கார்டிலேயே போய் உட்காரும். பென் டிரைவுக்கோ லேப்டாப்புக்கோ நகல் எடுக்காவிட்டால், கார்டு செத்தால் அதுவும் சேர்ந்தே சாகும். பழைய கார்டு என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

என் சித்தப்பாவின் கதையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பஸ் டிப்போவில் நேரக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கண்ணாடி போட்டாலும் திரையில் இருக்கும் எழுத்தைப் படிக்க மாட்டார், ரிமோட்டில் தட்டை எண்ணுவார். வலது பக்கம் இரண்டு தட்டு, ஓகே, கீழே ஒரு தட்டு, ஓகே. பழைய பாட்டு வந்துவிடும். 2017 பிப்ரவரியில் கோடி 17 வந்தது, கிரிப்டான் என்று பெயர். பெயரெல்லாம் அகர வரிசையில் வைப்பார்கள்: ஹீலிக்ஸ், ஐசன்கார்ட், ஜார்விஸ், கிரிப்டான், லெயா என்று போகும். அந்தக் கிரிப்டானில் முகப்புத் தோற்றத்தையே மாற்றிவிட்டார்கள். கான்ஃப்ளுயென்ஸ் என்ற பழைய ஸ்கின்னில் மெனு இடமிருந்து வலமாக ஓடும். எஸ்டுவரி என்ற புதியதில் இடது ஓரம் மேலிருந்து கீழாக இறங்கும்.

பெங்களூரிலிருந்து வந்த அவர் மகன் அப்டேட் போட்டுவிட்டு இரவு பஸ் ஏறிவிட்டான். காலையில் எனக்குப் போன். "என்னம்மா, இவன் டிவியையே மாத்திட்டுப் போயிட்டான். ரெண்டு தட்டு தட்டினா எங்கேயோ இழுத்துட்டுப் போகுது." போனிலேயே வழி சொல்லப் பார்த்தேன். "நான் ஒண்ணும் தொட மாட்டேன், நீ வா" என்றார். போனேன். நல்லவேளை, கான்ஃப்ளுயென்ஸை அவர்கள் தூக்கி எறியவில்லை, ஆட்ஆன் என்ற கூடுதல் நிரல்களின் களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். இறக்கி, அதையே ஸ்கின்னாக வைத்தேன். சித்தப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, டிவியைப் பார்க்காமலே தட்டினார். வலது, வலது, ஓகே, கீழே, ஓகே. பாட்டு வந்தது. பேப்பரின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே "ம்" என்றார், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் எஸ்டுவரிதான் நல்ல ஸ்கின். சித்தப்பாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு நல்லது, எனக்கு எதுக்கு" என்றார். வீட்டில் ரிமோட் யார் கையில் அதிகம் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் அப்டேட் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து மாணவர்களிடமும் சொல்லிவருகிறேன்.

கல்யாண வீடியோ என்றேனே, அதில் ஒரு சூட்சுமம். நம் கல்யாண டிவிடிகள் எம்பெக் 2 வடிவத்தில் இருக்கும். முதல் தலைமுறை ராஸ்பெர்ரி பையில் அது சீராக ஓட, 2 பவுண்டு 40 பென்ஸ் கட்டி ஓர் உரிமக் குறியீடு வாங்க வேண்டும். உங்கள் போர்டின் வரிசை எண்ணுக்கு மட்டுமே அது செல்லும். கான்ஃபிக் என்ற எழுத்துக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைப்போம். புதுக் கார்டில் ஏற்றும்போது அந்த வரி தானாக வராது. முகூர்த்தம் திக்கித் திக்கி ஓடும், தாலி கட்டும் இடத்தில் படம் நின்று நின்று வரும், எல்லோரும் புதுப் பதிப்பைத் திட்டுவார்கள். புதுக் கார்டுக்கு மாறும்போது பழைய கார்டின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கார்டு பத்திரமாக இருந்தால்தானே பார்க்க முடியும்? பின்னால் வந்த வேகமான போர்டுகளுக்கு டிவிடி ஒரு பாரமே இல்லை, அவற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இப்போது சார்ஜர். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனாலும் சார்ஜர்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து படம் பாதியில் நிற்கிறது, ஹார்ட் டிஸ்க் காணாமல் போகிறது. புதுப் பதிப்புதான் கோளாறு என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் திரையின் மேல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி வந்து வந்து போகிறது. யாரோ கோடியின் அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்கள். போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காட்டும் எச்சரிக்கை அது. பின்னால் பார்த்தேன், செல்போன் சார்ஜர், பூணூல் தடிமனில் ஒரு நீளமான கேபிள்.

"சார்ஜர்ல ரெண்டு ஆம்பியர்னு போட்டிருக்கே மேடம்" என்றார் அந்த வீட்டுப் பையன். போட்டிருக்கும் தம்பி. கேபிளில் என்ன போட்டிருக்கிறது? பள்ளியில் படித்த ஓம் விதிதான். அந்த மெல்லிய கம்பிக்கு, போய்த் திரும்பும் வழி இரண்டும் சேர்த்து, 0.3 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 ஆம்பியர் ஓடினால் 0.45 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். சார்ஜரில் 5 வோல்ட் கிளம்பினால் போர்டுக்கு வந்து சேர்வது 4.55. மின்னல் குறி வருமா வராதா? வரும். அதனால்தான் ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டரில் 5 என்று போடாமல் 5.1 வோல்ட் என்று போட்டிருக்கிறார்கள், வழியில் போகும் சேதாரத்துக்கு. பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3, பை 5க்கு 5 ஆம்பியர். கேபிளும் அடாப்டரோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற வராது.

அப்டேட்டுக்குப் பிறகு ஏன் வந்தது? அப்டேட் முடிந்ததும் படங்களின் நூலகத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கோடி ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தது, அதே நேரத்தில் வீட்டில் படமும் ஓடியது. அன்றுவரை விளிம்பில் நின்ற சார்ஜர் அன்று விழுந்தது. அடாப்டர் மாற்றியதும் அந்தப் புதுப் பதிப்பு இன்றுவரை ஓடுகிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் படம் ஓடும்போது அளந்து பாருங்கள், மெனுவில் சும்மா நிற்கும்போது அளந்து பயனில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று வகுப்பில் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். படம் பார்த்து முடித்ததும் சுவிட்சைத் தட்டாமல் மெனுவில் பவர் ஆஃப் கொடுங்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பை 5இல்தான் முதல்முதலாகப் போர்டிலேயே ஒரு பவர் பொத்தான் வைத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். தமிழ் எழுத்துகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்தேன், ஓடிவிடுகிறேன்.

முதல் தலைமுறைப் போர்டும் பை சீரோவும் வைத்திருப்பவர்கள் லிப்ரெஎலெக் 9.2இலேயே இருங்கள். 10 முதல் அந்தப் போர்டுகளை விட்டுவிட்டார்கள். உங்களுக்கு அப்டேட் கிடையாது, தேவையும் இல்லை. வெளியிலிருந்து இணையம் வழியாக அதை அணுகும்படி மட்டும் திறந்து வைக்காதீர்கள்.

கோடி 18இலிருந்து 19க்குத் தாவுகிறவர்கள் கவனியுங்கள். 2021இல் வந்த 19ஆம் பதிப்பு, ஆட்ஆன்களுக்குப் பைதான் என்ற நிரல்மொழியின் 3ஆம் பதிப்பு வேண்டும் என்றது. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்துபோனதால் வேறு வழியில்லை. பழைய ஆட்ஆன்களில் யாரும் திருத்தி எழுதாதவை அங்கே ஓடாது. உங்களுக்கு வேண்டிய ஆட்ஆன் புதுப் பதிப்புக்கு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கார்டு வாங்குங்கள்.

தமிழ்த் துணைத்தலைப்பு. பழைய பதிப்புகளில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து கிடக்கும். 2023 ஜனவரியில் வந்த 20ஆம் பதிப்பில் துணைத்தலைப்பு வேலை முழுவதையும் லிப்ஆஸ் என்ற நிரல் தொகுப்பிடம் ஒப்படைத்தார்கள், இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த தொகுப்பு அது. "கொடு" என்பது "கொடு" என்றே வர வேண்டும் என்றால் அப்டேட் போட அது ஒன்றே போதுமான காரணம். கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பை ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, பிளேயர் செட்டிங்ஸில், துணைத்தலைப்புப் பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

விரலையும் மடக்கிவிட்டார்கள். பை 5 வாங்கலாமா என்ற கேள்வி மிச்சம். படம் பார்க்க மட்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பை 4 தாராளம். வணக்கம்.