கண்ணளவும் எழுத்தளவும்: போலோன்யாவில் ஒரு சனி, ஞாயிறு

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

முப்பது ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள் நான். அந்த முப்பது ஆண்டுகளும் ஒரு கேள்வி என்னுடனேயே வந்துகொண்டிருந்தது. சமையலின் அளவு சமைப்பவரின் கையில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா? "ஒரு கை உளுந்து, கண்ணளவு தண்ணீர், உப்பு பார்த்துப் போடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கிராமிலும் மில்லிலிட்டரிலும் எழுதி மாணவியருக்குக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. எழுதும்போது ஏதோ ஒன்று நழுவிவிடுவதையும், எழுதாமல் விட்ட பண்டம் அடுத்த தலைமுறைக்குள் அடியோடு மறைந்துவிடுவதையும் நான் ஒருசேரப் பார்த்திருக்கிறேன். அதனால்தான், கையளவையும் எழுத்தளவையும் இரண்டையுமே கைவிடாத ஓர் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கி உண்டு வந்ததை உங்களிடம் சொல்ல மிகவும் விரும்பினேன்.

அந்த ஊரின் பெயர் போலோன்யா. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் போலோக்னா என்பார்கள். அந்த ஊரார் போலோன்யா என்றே சொல்கிறார்கள். வட இத்தாலியில், எமிலியா-ரோமான்யா மாநிலத்தின் தலைநகர் அது. என் மகள் வேலை பார்க்கும் மிலானிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். கற்றவள், சிவந்தவள், கொழுத்தவள் என்று அந்த ஊருக்கு மூன்று பட்டப்பெயர்கள் உண்டு. 1088ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் பல்கலைக்கழகத்தால் கற்றவள். செங்கல் சுவர்களாலும் ஓட்டுக் கூரைகளாலும் சிவந்தவள். கொழுத்தவள் என்ற பெயருக்குக் காரணமான உணவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்போது என் குரல் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு வழி வகுத்தவர்களில் ஒருவரான மார்க்கோனி 1874இல் பிறந்தது இந்த ஊரில்தான். நகருக்கு வெளியே இருந்த தம் குடும்ப வீட்டிலிருந்து, ஒரு குன்றுக்கு அப்பால் கம்பியில்லாமல் சைகை அனுப்பிப் பார்த்ததும் அங்கேதான், 1895இல். ஊரின் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சனிக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தாலும் குடையை விரிக்கத் தேவைப்படவில்லை. அந்த நகரத்தின் தெருக்களில் வீடுகளின் மாடி முன்னே நீண்டு தூண்களின்மேல் நிற்க, அதன் கீழே மக்கள் நடந்து போகிறார்கள். நம் பழைய வீடுகளின் தாழ்வாரத்தைத் தெரு நெடுகக் கோத்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தூண் நடைகள் நகரம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரிய சதுக்கத்தை ஒட்டிய குறுகிய தெருக்களை குவாத்ரிலாத்தெரோ என்கிறார்கள். மீன், காய்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி என்று கடைக்குக் கடை மணம் மாறிக்கொண்டே வருகிறது. அந்தத் தெருக்களுக்குள் 1465 முதல் நடந்துவருவதாகச் சொல்லப்படும் ஒஸ்தேரியா தெல் சோலே என்ற மதுக்கடை இருக்கிறது. அங்கே உணவு விற்பதில்லை. சுற்றியுள்ள கடைகளில் வாங்கிய பொட்டலத்தை நீங்களே கொண்டுபோய், அவர்களுடைய நீண்ட மேசையில் பிரித்து வைத்துச் சாப்பிடலாம்.

அந்தப் பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பது மோர்த்தாதெல்லா. பன்றி இறைச்சியை வெண்ணெய் போல அரைத்து, இடையிடையே வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளைச் சேர்த்து, பெரிய உருளையாகக் கட்டி, அடுப்பறையில் நெடுநேரம் வேகவிட்டுச் செய்வது. காகிதம் போல மெல்லியதாகச் சீவித் தருவார்கள். அதில் எந்த இறைச்சி சேரலாம் என்பதை 1661இலேயே போலோன்யாவில் ஆணையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு தின்பண்டத்துக்காக அரசாணையா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த எழுத்தளவு என்னும் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பத் திரும்ப வரும்.

கடைத்தெருவிலிருந்து நேரே ஓர் அம்மாவின் சமையலறைக்குப் போனோம். எழுபதைக் கடந்தவர். மாவைத் தேய்த்து விரிப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களை அங்கே ஸ்ஃபோலீனா என்பார்கள். விரித்த மாவின் பெயர் ஸ்ஃபோலியா. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அரை நாள் தம்முடன் நிற்கவைத்துக் கற்றுத்தருவார். நான் அவ்வளவு தூரம் போனது, உண்மையைச் சொன்னால், இந்த அரை நாளுக்காகத்தான்.

அவர் பலகையின்மேல் கோதுமை மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றினார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. தராசு எங்கே என்று நான் கேட்டேன். என் மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த அம்மா அலமாரியைத் திறந்து தராசைக் காட்டிவிட்டு, மீண்டும் மூடிவைத்தார். பிறகு தம் கையால் அள்ளிய மாவை நான் கேட்டதற்காகவே நிறுத்துக் காட்டியபோது முள் 400ஐ ஒட்டி நின்றது. பலகையில் நான்கு முட்டைகள் இருந்தன. ஆனால் முட்டை எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை அல்லவா? ஈரப்பதம் மாறும், மாவு மாறும். அதனால் குவியலின் ஓரத்தில் கொஞ்சம் மாவை ஒதுக்கி வைத்துவிட்டு, பிசையும்போது கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இழுத்துக்கொண்டார். எழுத்தளவு அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு கை நடத்திக்கொண்டு போனது.

பிசைந்த மாவை மூடி அரை மணி நேரம் ஓய்வெடுக்க விட்டார். சப்பாத்திக்குப் பிசைந்த மாவை ஊறவிடுவதன் காரணம் உங்களுக்குத் தெரியும்; இங்கும் அதே காரணம்தான். பிறகு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மரக்கட்டையால் தேய்க்கத் தொடங்கினார். நம் சப்பாத்திக் கட்டையை நான்கு மடங்கு நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாவின் ஓரத்தைக் கட்டையில் சுற்றுகிறார், உள்ளங்கைகளை நடுவிலிருந்து வெளிப்புறம் நகர்த்தி இழுக்கிறார், விரிக்கிறார், கொஞ்சம் திருப்புகிறார், மறுபடியும் சுற்றுகிறார். கால் மணி நேரத்தில் மேசை முழுவதையும் மூடும் மஞ்சள் துணி ஒன்று உருவாகிவிட்டது.

எஃகு உருளைகளுக்கு இடையே மாவைச் செலுத்தும் இயந்திரம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று நான் கேட்டேன். அவர் என் விரலைப் பிடித்து அந்த மாவின்மேல் வைத்தார். மரப்பலகையின் சொரசொரப்பும் மரக்கட்டையின் சொரசொரப்பும் மாவின்மேல் பதிந்திருந்தன. எஃகு அழுத்திய மாவு வழவழவென்று இருக்கும். குழம்பு அதன்மேல் தங்காமல் வழுக்கிவிடும். மரம் தேய்த்த மாவு குழம்பைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பறையில் இதை எத்தனையோ சொற்களில் விளக்கியிருப்பேன்; அவர் என் விரல் நுனிக்கே விளக்கிவிட்டார்.

அதன்பின் நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்; இன்னும் சொல்வேன். விரித்த மாவின் ஒரு முனையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என்னை அருகே அழைத்து, "சான் லூக்கா தெரிகிறதா?" என்று கேட்டார். சான் லூக்கா என்பது நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் நிற்கும் மாதா கோயில். கீழிருந்து அதுவரை 666 வளைவுகள் கொண்ட தூண் நடை ஏறிச் செல்கிறது. அந்தச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது. ஆயினும், மாவின் ஊடே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அங்கே தாய்மார்கள் பெண்களுக்குச் சொல்லிவந்த அளவு. மில்லிமீட்டரில் சொல்லியிருந்தால் எந்தப் பெண்ணும் அளந்து பார்த்திருக்க மாட்டாள். தினமும் பார்த்து வளரும் ஒரு கோயிலை அளவுகோலாக வைத்ததால் அது தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரின் செங்கல் வரிசைகள் அந்த மாவின் ஊடே எனக்கு மங்கலாகத் தெரிந்தன. அதைச் சொன்னதும் அந்த அம்மா மாவைக் கீழே வைத்து, சுருட்டி, கத்தியை எடுத்தார்.

அவர் நறுக்கிய நாடாக்களுக்குத் தாலியாத்தெல்லே என்று பெயர். அவற்றின் அகலத்துக்கும் ஒரு கோபுரமே சாட்சியாக நிற்கிறது. போலோன்யாவின் நடுவில் அசினெல்லி என்ற கோபுரம் உண்டு. உயரம் ஏறத்தாழ 97 மீட்டர். 1972இல் இத்தாலியச் சமையல் கழகத்தார் நகரத்து வணிக மன்றத்தில் ஒரு தாலியாத்தெல்லே நாடாவைப் பொன்னில் செய்து ஒப்படைத்தார்கள். வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர், அதாவது அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று பதிவு செய்தார்கள். மாவின் மென்மைக்குக் கோயில், அகலத்துக்குக் கோபுரம். அந்த அம்மா நறுக்கியதை நான் என் சிறிய அளவுகோலால் அளந்தேன். வேகுமுன் 7 மில்லிமீட்டரும் கொஞ்சமும் இருந்தது. வெந்தால் விரியும் என்று அவரே சொன்னார்.

மதிய உணவுக்கு அதே நாடாக்களை ரகூவோடு உண்டோம். ரகூ என்பது இறைச்சியைப் பொடியாக நறுக்கிச் செய்யும் கெட்டிக் குழம்பு. அதன் செய்முறையையும் 1982 அக்டோபர் 17 அன்று வணிக மன்றத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். 2023இல் அதைப் புதுப்பித்தும் வைத்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி, பன்றியின் வயிற்றுக் கொழுப்பு, கேரட், செலரி, வெங்காயம், வெள்ளை ஒயின், பால், கொஞ்சமே கொஞ்சம் தக்காளி. பூண்டு இல்லை. நம்மில் பலர் நினைப்பது போலச் சிவக்கச் சிவக்கத் தக்காளிச் சாறு மிதக்கும் குழம்பு அல்ல அது. பழுப்பு நிறத்தில், சிறு தீயில் மணிக்கணக்காக அடங்கி, நாடாவோடு ஒட்டிக்கொண்டு வருவது.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஸ்பகெட்டி போலோனேஸ் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரிமாறப்படும் உணவு போலோன்யாவின் மரபில் இல்லை. ஸ்பகெட்டி கடினக் கோதுமையில் தண்ணீர் சேர்த்துச் செய்து உலர்த்துவது. அதன் வேர் தெற்கு இத்தாலியில். போலோன்யாவின் சமவெளியில் மரபாக விளைந்துவந்தது மென்கோதுமை. அதை முட்டைதான் இறுக்கிப் பிடிக்கிறது. வழவழப்பான உருண்டை நூலின்மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றினால் நூல் வாய்க்கு வரும், இறைச்சி தட்டின் அடியில் தங்கிவிடும். அகலமான, சொரசொரப்பான நாடா இரண்டையும் சேர்த்தே கொண்டுவரும். ஊரின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்த ஊரின் காரணத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

சைவ உணவுக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முட்டை சேர்த்துக்கொள்பவர்களுக்கு ரிகோத்தா பாலாடைக்கட்டி வைத்து மடித்த தோர்தெல்லோனி கிடைக்கும். வெண்ணெயில் சேஜ் இலையைப் பொரித்து மேலே ஊற்றித் தருவார்கள். ஆனால் அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்துகொண்டு போக வேண்டும்.

அன்று இரவு தோர்தெல்லினி. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இது வேறு. பன்றி இறைச்சி, மோர்த்தாதெல்லா, பார்மிஜானோ, முட்டை, ஜாதிக்காய் ஆகியவை சேர்ந்த பூரணத்தைச் சிறிய மாவுச் சதுரத்தில் வைத்து மடித்து, தெளிந்த இறைச்சிச் சாற்றில் மிதக்கவிடுவது. கிறிஸ்துமஸுக்கு முன் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் மடிப்பார்களாம். அதன் பூரணமும் 1974இல் பதிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போலோன்யாவுக்கு அருகிலுள்ள மொதேனா என்ற நகரத்தின் பக்கத்தில், பார்மிஜானோ செய்யும் பாலாடைக்கட்டிப் பண்ணை ஒன்றுக்குப் போனோம். முந்தைய மாலைப் பாலை இரவு முழுவதும் வைத்து ஆடை நீக்கி, காலைப் பாலோடு கலந்து, செம்புக் கொப்பரையில் உறையவைக்கிறார்கள். சுமார் 550 லிட்டர் பாலில் கிடைப்பது 40 கிலோ எடையுள்ள ஒரே ஒரு வட்டு. உப்புநீரில் ஏறக்குறைய மூன்று வாரம் கிடந்து, பிறகு குறைந்தது 12 மாதம் மர அலமாரியில் முதிர வேண்டும். அந்த 12 மாதம் முடிந்ததும் தேர்வாளர் வந்து சிறு சுத்தியலால் வட்டைச் சுற்றிலும் தட்டிக் கேட்கிறார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை மாறும். மண்பானை வாங்கும்போது நம் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே செவியளவுதான். தேறிய வட்டுக்கு மட்டுமே நெருப்பில் காய்ச்சிய முத்திரை.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். வினாகிரி பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடியும். மொதேனாவின் மரபு வழி பால்சாமிக் வினாகிரியைத் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, ஒன்றைவிட ஒன்று சிறியதாக வரிசையில் நிற்கும் மரப்பீப்பாய்களில் வீட்டுப் பரணில் வைத்து முதிரவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கடைசிப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். குறைந்தது 12 ஆண்டு. அடுத்த தரத்துக்கு 25 ஆண்டு. சுவைஞர் குழு நாவில் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே 100 மில்லிலிட்டர் குப்பியில் அடைக்க முடியும். பெண் குழந்தை பிறந்தால் அவள் பெயரில் ஒரு வரிசைப் பீப்பாய் தொடங்கும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. நாங்கள் போன பரணில் அப்படி ஒரு வரிசை இருந்தது. அந்தப் பெண்ணே, இப்போது தலை நரைத்தவர், ஒரு பீங்கான் கரண்டியில் எங்களுக்கு ஆளுக்கு மூன்று சொட்டு விட்டார். எத்தனை சொட்டு என்று அவர் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.