கேரியரில் ஏறியது யார்?

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுகிறேன்.

பேய்க்கதை இன்றும் நம்மை இழுப்பது பயத்தாலா, பாசத்தாலா? நான் பாசத்தின் பக்கம். அது இருக்கட்டும். எதிரணித் தங்கச்சி ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தாரே, “எல்இடி விளக்கு வந்தபிறகும் அண்ணாச்சி பனங்காட்டிலேயே நிற்கிறார்” என்று!

நின்றேன் தாயி, நின்றேன். பதினேழு வயது. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு சைக்கிளில் வருகிறேன். இரண்டு பக்கமும் பனை. பின்னால் ‘சரக்... சரக்’. நிறுத்தினால் சத்தமும் நிற்கிறது. மிதித்தால் கூடவே வருகிறது. கேரியர் வேறு கனக்கிறது. சுடலை மாடனுக்கு ஒரு கிடா நேர்ந்தேன். மறுபடி ‘சரக்’. சரி, இரண்டு கிடா என்றேன். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் ஒரு காய்ந்த பனையோலை!

ஓலை அவ்வளவு கனக்குமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

மறுநாள் டீக்கடையில் கதையைச் சொன்னேன். ஓலையை மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் அதே கதை கொலுசு போட்டுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. ராத்திரிக்குள் மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டது. என் கதைக்கு நானே பயந்துபோய் ஆச்சி பக்கத்தில் சுருண்டு படுத்தேன். கிடா இரண்டும் இன்னும் பாக்கி. மாடன் கோயிலைத் தாண்டும்போது வேகமாகத்தான் நடப்பேன்.

இப்போது விளக்குக்கு வருகிறேன் தங்கச்சி. நம்ம நெல்லைக்காரர் புதுமைப்பித்தன் 1943-லேயே ‘காஞ்சனை’ எழுதிவிட்டார். பேயைப் பனங்காட்டிலா விட்டார்? பிச்சைக்கு வந்த பெண்ணாக நடுவீட்டுக்கே கூட்டி வந்தார். வீட்டம்மா அவளை வேலைக்கும் வைத்துக்கொண்டாள். வந்தது பேயா, கதை சொல்பவரின் தூக்கம் கெட்ட மனசா? படித்து முடித்தும் பிடிபடாது. அதற்கு எத்தனை வாட் பல்பு போடுவீர்கள்?

அன்றைக்கு ராத்திரி ஆச்சி என் முதுகைத் தட்டிச் சொன்னாள்: “செத்தவுக எங்கலே போவாக? நம்மளப் பாக்கத்தான் வருவாக.”

அவள் போய்ப் பல வருஷம் ஆயிற்று. இப்போதும் நடுராத்திரி அடுக்களையில் ஏனம் உருண்டால் வீட்டில் எல்லாரும் பூனை என்று திரும்பிப் படுக்கிறார்கள். நான் எழுந்து போகிறேன். சுவிட்சில் கை வைத்து, போடாமல் ஒரு நிமிஷம் நிற்கிறேன். “சாப்பிட்டியாலே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா...

பூனைதான், நடுவர் அவர்களே. இதுவரைக்கும் பூனைதான்.