சுட்டால் விழட்டும், இல்லையென்றால் வலிக்கவாவது செய்யட்டும்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசிய நடையை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆச்சிமார்களும் அப்பச்சிமார்களும் இருக்கிறீர்கள், பின்னால் தூணை ஒட்டிப் போனும் கையுமாகத் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வீடியோ கேமில் எத்தனை குண்டு பட்டாலும் விழாத எதிரியைப் பற்றிப் பேசப் போகிறேன். கேம் செய்வதுதான் என் தொழில், அதனால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. கேமில் வரும் ஒவ்வொரு எதிரிக்கும் உள்ளே ஓர் எண் இருக்கிறது, ஹெல்த் என்போம். குண்டு பட்டால் எண் குறையும், பூஜ்யம் ஆனால் ஆள் காலி. அவ்வளவுதான் கணக்கு.

2016-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி டிவிஷன்' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளை நோய் பரவிய நியூயார்க் நகரம், பனி கொட்டும் தெரு, நிஜ ஊர் மாதிரியே அச்சு அசலாகச் செய்திருப்பார்கள். அந்தத் தெருவில் தொப்பி வைத்த ஸ்வெட்டர் போட்டு, கையில் பேஸ்பால் மட்டையோடு ஒருவன் வருவான். தலைக்கவசம் கிடையாது, கவச உடை கிடையாது, நம்மைப் போல ஒரு மனுஷன். ஆனால் துப்பாக்கியில் இருக்கிற ஒரு மேகசின் குண்டு முழுக்க அவன் நெஞ்சில் இறக்கினாலும் நடந்து வந்துகொண்டே இருப்பான், ரீலோட் பண்ணித் திரும்பவும் சுட்டால் தலைக்கு மேலே ஹெல்த்தைக் காட்டும் கோடு இன்னும் கொஞ்சம் குறையும், நடை மட்டும் மாறவே மாறாது. வெளிவந்தபோது அந்த கேமை ஆடியவர்கள் மிக அதிகமாகக் குறை சொன்னது இதைத்தான். வேற்றுக்கிரக வாசியாகவோ பெரிய இயந்திரமாகவோ இருந்தால் நாம் ஒத்துக்கொண்டிருப்போம். கண்ணுக்கு மனுஷனாகத் தெரிகிறவன் கணக்கில் பாறையாக இருந்தால், நம் கையில் இருப்பது துப்பாக்கி என்ற நம்பிக்கையே போய்விடுகிறது.

சரி, அப்படியானால் எதிரி சுலபமாகச் சாக வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. கம்பன் விழா நடக்கிற ஊரில் நின்றுகொண்டு இதை நான் விளக்கவே தேவையில்லை. கும்பகருணன் எத்தனை அம்பு வாங்குகிறான்! அவன் ஒரே அம்பில் விழுந்திருந்தால் அந்தப் படலத்துக்கு என்ன மதிப்பு? ஆனால் அங்கே ஒவ்வொரு அம்பும் எதையாவது மாற்றுகிறது. இராமன் ஒரு கையை அறுக்கிறான், அறுந்து விழுந்த கையையே இவன் மற்றொரு கையால் எடுத்து வானரங்களைச் சாத்துகிறான். அந்தக் கையும் போகிறது, கால்கள் போகின்றன, அப்புறமும் போர் நிற்கவில்லை. கடைசியில் மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையைக் கடலில் போட்டுவிடு என்று கேட்கிறான் பாருங்கள், அதுவரை நமக்கு ஒரு நிமிஷம் அலுப்புத் தட்டுகிறதா? 'அம்பு விட்டான், பட்டது, அம்பு விட்டான், பட்டது' என்று நூறு பாட்டு எழுதியிருந்தால் யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? நல்ல பாஸ் சண்டை, அதாவது ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியோடு போடும் சண்டை, எப்படி இருக்க வேண்டும் என்று என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் முதலில் எடுப்பது இந்தப் படலத்தைத்தான்.

இதைப் பழைய கேம்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தன. 1981-இல் வந்த 'கலாகா'வில் மேல் வரிசையில் நிற்கும் பெரிய பூச்சிக்கு இரண்டு அடி வேண்டும். முதல் அடி பட்டதும் அதன் பச்சை நிறம் மாறிவிடும். ஆடுகிறவனுக்கு வேறு என்ன சேதி வேண்டும்? பட்டிருக்கிறது, இன்னும் ஒன்று போடு.

1993-இல் வந்த 'டூம்' இந்த விஷயத்தில் எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி. அதில் நெருப்பு எறியும் இம்ப் என்ற பிசாசுக்கு ஹெல்த் 60. ஷாட்கன்னை ஒரு முறை சுட்டால் ஏழு சிதறல் போகும், ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 குறைக்கும். கிட்டே போய்ச் சுட்டால் பெரும்பாலும் ஒரே வெடியில் இம்ப் விழும், தூரத்தில் நின்றால் பாதிச் சிதறல் வீணாகும். அதாவது கிட்டே போகிற தைரியத்துக்கு அங்கே கூலி உண்டு. இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் சைபர்டீமன் என்ற பூதத்துக்கு 4000, ஆனால் அதன் உயரத்தையும் கையில் இருக்கிற ராக்கெட்டையும் பார்த்தாலே அந்த 4000 நியாயம் என்று மனசுக்குப் படும். இதைவிட முக்கியம், அடிபட்டால் வலிப்பது. ஒவ்வொரு எதிரிக்கும் அடிபட்டதும் துடிக்கிற வாய்ப்பு என்று தனியாக ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பலூன் மாதிரி மிதந்து வரும் ஒற்றைக்கண் கேக்கோடீமனுக்கு ஹெல்த் 400, கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாதிக்குப் பாதி அடியில் அது துடிக்கும், அதனால் செயின்கன் என்ற தொடர்ந்து சுடும் துப்பாக்கியை விடாமல் பிடித்தால் பெரும்பாலும் அதைத் திருப்பி அடிக்கவே விடாமல் நிறுத்தி வைக்கலாம். விழ நேரமாகும், ஆனால் அந்த நேரம் முழுக்க நம் விரலுக்கும் அதன் உடம்புக்கும் ஒரு தொடர்பு இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டூமில் கடினமான லெவலைத் தேர்ந்தெடுத்தால் எதிரியின் ஹெல்த் ஒரு புள்ளிகூட ஏறாது. எதிரிகளின் எண்ணிக்கை கூடும், இருப்பதிலேயே கடினமான லெவலில் வேகம் கூடும், செத்தவன் திரும்ப எழுந்து வருவான். நாம் கற்றுக்கொண்டதெல்லாம் அப்படியே செல்லும், இன்னும் சாமர்த்தியமாகப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' கேமைப் பாருங்கள். எனக்கு உயிரான கேம் அது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் அதில் சேர்த்த லெஜண்டரி என்ற உச்ச லெவலில் நம் அடி கால் பங்காகக் குறையும், எதிரியின் அடி மூன்று மடங்காகும். சாதாரணத் திருடனை நாலு மடங்கு நேரம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் புதிதாக ஒரு தந்திரம் கற்றுக்கொண்டானா? இல்லையே.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் காசும் நேரமும்தான். எதிரி ஒளிந்துகொள்ளக் கற்க வேண்டும், நொண்ட வேண்டும், கவசம் உடைந்து கீழே விழ வேண்டும் என்றால் அனிமேஷன் செய்கிறவர், புரோகிராம் எழுதுகிறவர், சத்தம் சேர்க்கிறவர் என்று பல பேருடைய வாரக்கணக்கான உழைப்பு. ஹெல்த்தை 500-லிருந்து 2000 ஆக்க ஒரு நொடி போதும். கேம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, நீளமாக்கு என்று மேலிருந்து ஒரு வார்த்தை வந்தால் முதலில் கை போவது அந்த எண்ணுக்குத்தான். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இதுவே நடந்தது, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை.

நியாயமான காரணமும் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஆடுகிற கேமில் எதிரி ஒரே வெடியில் போனால் மற்ற மூன்று பேருக்கு என்ன வேலை? புதுத் துப்பாக்கி தேடிச் சேர்ப்பதே ஆட்டம் என்றால், அது பழையதைவிடப் பலமானது என்று தெரிய எதிரி கொஞ்சம் தாங்கத்தான் வேண்டும். இதையெல்லாம் ஒத்துக்கொண்டும் வழி கண்டுபிடிக்கலாம் என்று 2019-இல் வந்த 'டிவிஷன் 2' காட்டியது. அங்கே தடித்த எதிரிக்குக் கண்ணால் பார்க்கிற கவசம் இருக்கும், சுட்டால் துண்டு துண்டாகக் கழன்று விழும், ஹெல்மெட் உடைந்ததும் தலை தெரியும், அங்கே குறி வைக்கலாம்.

'ரெசிடென்ட் ஈவில் 4'-இல் ஓடி வருகிறவன் காலில் சுட்டால் மண்டியிடுவான், ஓடிப்போய் உதைக்கலாம், குண்டு மிச்சம். 'டெட் ஸ்பேஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், தலையில் சுட்டால் பிரயோஜனமில்லை, கை காலை வெட்டு என்று நம் பழக்கத்தையே மாற்றியது. 'மான்ஸ்டர் ஹன்டர்' வரிசையில் பூதத்துக்கு வெகுநேரம் அடிக்கிற அளவு உயிர் இருந்தாலும் வால் அறும், கொம்பு உடையும், கடைசியில் நொண்டிக்கொண்டே தன் குகைக்குப் போகும். 1998-இல் வந்த 'ஹாஃப் லைஃப்'பில் ஒரு பாதாளக் கிணற்றில் மூன்று ராட்சதக் கைகள் இருக்கும். துப்பாக்கியால் அவற்றைக் கொல்லவே முடியாது. அவற்றுக்குக் கண் கிடையாது, காது உண்டு. கையெறி குண்டை ஒரு பக்கம் எறிந்து அவை அந்தச் சத்தத்தைக் கொத்தும்போது நாம் மறு பக்கம் மெல்ல நகர்ந்து, எரிபொருளையும் மின்சாரத்தையும் திறந்துவிட்டு, மேலே இருக்கும் ராக்கெட் என்ஜினை ஓடவிட்டு எரிக்க வேண்டும். குண்டு செல்லாது என்பதையே அங்கே ஆட்டமாக்கிவிட்டார்கள்.

பேச்சின் நடுவில் ஓர் ஆச்சி கை தூக்கி, "தம்பி, எங்க பேரன் சாப்பிடக் கூப்பிட்டா இவனை மட்டும் முடிச்சுட்டு வர்றேன்ங்கிறான், அரை மணி நேரமாகுது" என்றார்கள். ஆச்சி, நீங்கள் கேட்டதுதான் விஷயத்தின் உயிர். 'ஃபைனல் ஃபேன்டஸி 11' கேமில் 2008-இல் ஒரு குழு பேண்டமோனியம் வார்டன் என்ற எதிரியோடு 18 மணி நேரத்துக்கு மேல் சண்டை போட்டது. சிலருக்கு வாந்தி, மயக்கம். ஜெயிக்காமலே விட்டுவிட்டார்கள். அப்புறம் நிறுவனம் அந்த எதிரியின் பலத்தைக் குறைத்தது. ஆடுகிறவர்களின் நேரம் கேம் செய்கிறவனுக்கு இனாமாகக் கிடைத்த பொருள் கிடையாது. பேரன் பொய் சொல்லவில்லை ஆச்சி, அவன் முடிக்கத்தான் பார்க்கிறான், முடியவிடாமல் எவனோ ஓர் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறான்.

பப்ஜி ஏன் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து இழுத்தது என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. எல்லாருக்கும் உயிர் 100. கார்98 துப்பாக்கியால் தலையில் சுட்டால் லெவல் 2 ஹெல்மெட் போட்டவனும் விழுவான், லெவல் 3 போட்டவன் தப்பிப்பான், அந்த ஹெல்மெட் தூரத்திலிருந்தே தெரியும். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரியும்.

கடைசியாக ஒரு கல்லூரித் தம்பி, "அண்ணே, நாங்க ப்ராஜெக்டுக்கு ஒரு கேம் பண்றோம், ஃபைனல் பாஸ் ரொம்ப ஈஸியா இருக்கு, ஹெல்த்தை ஏத்தவா?" என்று கேட்டான். ஏற்றாதே. முதலில் பாதியாகக் குறை. குறைத்துவிட்டு, கால்வாசி உயிர் போனதும் அவன் என்ன செய்வான், பாதி போனதும் எதை இழப்பான் என்று இரண்டே இரண்டு மாற்றம் எழுது. அப்புறம் கேமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஹெல்த் பாரை மறைத்துவிட்டு ஆடச் சொல். அடி படுகிறதா இல்லையா என்று அவர் உன்னிடம் கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது. லேப்டாப் கொண்டு வந்திருக்கிறாயா? அப்படியானால் அந்த ஆச்சியின் பேரனையும் கூப்பிடு, இப்போதே ஆடிப் பார்ப்போம்.