வழிமறித்தலும் அடைத்து வைத்தலும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவரைத் தடுத்து நிறுத்துவது பேச்சு வழக்கில் ஒரே செயலாகத் தோன்றினாலும், சட்டம் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. செல்ல உரிமையுள்ள திசையில் ஒருவரைச் செல்லவிடாமல் மறிப்பது ஒன்று. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி எந்தப் பக்கமும் போக முடியாதபடி அடைத்து வைப்பது மற்றொன்று. இந்திய தண்டனைச் சட்டத்தின் 339, 340 ஆகிய பிரிவுகள் சொன்ன இவ்விரு குற்றங்களும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 127 ஆகிய பிரிவுகளுக்கு மாறியிருக்கின்றன.

முதல் வகை நம் மாவட்டத்துக்கு நன்றாகவே பழக்கமானது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பல வீடுகள் தெருவாக அமையாமல் விளைகள் எனப்படும் தோட்டங்களுக்குள் தனித்தனியே இருப்பதால், உள்ளே இருப்பவர் அடுத்தவர் நிலத்தை ஒட்டிய நடைபாதை வழியாகத்தான் சாலைக்கு வரவேண்டியிருக்கிறது. அந்தப் பாதையின் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்தி, "இதுவழி போகப்பிடாது" என்று ஒருவர் நின்றுகொண்டால், அவர் யாரையும் தொடாவிட்டாலும் அது குற்றமாகலாம். சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறதே என்ற வாதமும் எடுபடாது. ஆனால், தனிவழியை அடைக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பி அடைத்தவருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காதவரின் நம்பிக்கையை நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்வது கடினம். குற்றம் உறுதியானால் ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முன்பு 500 ரூபாயாக இருந்தது. வேலி போடுகிறவர் கம்பிக்கே அதைவிட அதிகம் செலவழித்திருப்பார். அடைபட்டது பொதுப்பாதையாக இருந்தால், நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ உள்ள வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தடையை அகற்ற உத்தரவு கேட்கலாம்.

அடைத்து வைப்பதற்குப் பூட்டு வேண்டியதில்லை. வாசல்களில் துப்பாக்கியுடன் ஆட்களை நிறுத்தி, வெளியேறினால் சுடுவார்கள் என்று மிரட்டுவதையே சட்டம் எடுத்துக்காட்டாகத் தருகிறது. இதற்கு ஓராண்டு வரை சிறை; மூன்று நாளோ அதற்கு மேலோ நீடித்தால் மூன்றாண்டு வரை, பத்து நாளை எட்டினால் ஐந்தாண்டு வரை.

காவல்துறைக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டு என்றாலும், அதற்கும் கடிகாரம் உண்டு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு. குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே காவலில் வைக்கும் தடுப்புக்காவல் சட்டங்களின்கீழ் பிடிபட்டவர்களுக்கும், எதிரி நாட்டவருக்கும் இது பொருந்தாது.