ஃபார்மேட் செய்தால் மாமனாரின் கதைகள் போய்விடுமா?

அடுத்த கேள்வி சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் ஒரு அக்காவிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். வீட்டு மடிக்கணினி 2016ல் வாங்கியது, விண்டோஸ் 10. திறந்து வேலை பார்ப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. கடையில் காட்டியபோது, ‘ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்’ என்றிருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. மாமனார் இருபது வருடத்துக்கு மேலாகத் தட்டச்சு செய்த சிறுகதைகளும் அதில்தான். எல்லாம் போய்விடுமா, எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறார்.

போய்விடும் அக்கா. ஃபார்மேட் என்றால் டிஸ்க்கைத் துடைப்பதுதான். விண்டோஸில் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வழி ஒன்று உண்டு. ஆனால் நகல் எடுக்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். பாதியில் கோளாறு வந்தால் திரும்பிப் போக வழி இருக்காது.

அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தச் சமயத்தில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. அது பழுதாகத் தொடங்கும்போதும் இப்படித்தான் மெதுவாகும். அதனால் இன்றைக்கு இரவே கதைகளை மட்டும் முதலில் ஒரு யூஎஸ்பியில் எடுத்துவிடுங்கள். எழுத்துக் கோப்புகள் சின்னவை, சில நிமிட வேலை. படங்கள் நாளைக்கு இருக்கட்டும். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும், எதையும் முயற்சி செய்யாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவர்களிடம் கொண்டு போங்கள்.

இதில் எனக்கே ஓர் இழப்பு உண்டு. பல வருடங்களுக்கு முன் என் தங்கையின் கணினியை நான்தான் ஃபார்மேட் செய்தேன். டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் யூஎஸ்பியில் போட்டேன், பெயர்களைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு துடைத்துவிட்டேன். மறுநாள் அவளுடைய கல்யாணப் படங்களைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. நான் நகல் எடுத்தது ஷார்ட்கட். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்குமே, அது. படங்கள் வேறொரு ஃபோல்டரில் இருந்து, என் கையாலேயே அழிந்துபோயின. அன்றிலிருந்து, யூஎஸ்பியை வேறொரு கணினியில் செருகி, கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் ‘நகல் எடுத்தாயிற்று’ என்று சொல்வேன்.

சரி, எங்கே தேடுவது? சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். அதை முழுதாக எடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால் ஒவ்வொருவருடையதையும் எடுங்கள். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல் வைத்திருந்தால் பிஎஸ்டி என்று முடியும் கோப்பு முக்கியம். டி டிரைவ் இருந்தால் அதையும் திறந்து பார்த்துவிடுங்கள். வரி, மத்திய சேமநிதி அறிக்கைகள் போல மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியவற்றுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பும் கைப்பேசியில் இருக்கிறது.

‘ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறதே’ என்று பலர் சொல்வார்கள். அது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம், இலவசமாகத் தருவது 5 ஜிபி. அது நிறைந்தால் புதிய கோப்புகள் மேலே போகாது. இன்னொன்று, அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் தனியாக ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும் என்றுதான் சொல்வேன். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் சில உண்டு, அதை எக்ஸ்ஃபேட் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேட்32 வடிவில் இருந்தால், 4 ஜிபியைத் தாண்டிய காணொளி எதையும் அது ஏற்காது.

அடுத்தது தமிழ் எழுத்துரு. இதைக் கடைக்காரர் உங்களிடம் கேட்கவே மாட்டார். மாமனார் இருபது வருடத்துக்கு முன்பே எழுதத் தொடங்கியவர் என்றால், ஆரம்பக் கதைகள் யுனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கத்தில், இருக்க வாய்ப்பு குறைவு. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். நம் ஊரிலேயே எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் இருந்தது, பாமினி இருந்தது, டிஸ்கி இருந்தது. அந்தக் கோப்பில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இருந்தால் திரையில் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் ஏதோ கிறுக்கல் போல வரும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்த எழுத்துரு போய்விடும். பிறகு கதையைத் திறந்தவர்கள் கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அப்படி அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனது கேட்கவில்லை.

ஆகவே ஒரு பழைய கதையை வேர்டில் திறந்து, எழுத்தின் மேல் கர்சரை வைத்து, மேலே என்ன எழுத்துருப் பெயர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ், அங்கே அந்தப் பெயரில் இருக்கும் கோப்பைக் கதைகளோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் கதைகளைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். வேர்டில் அப்படிச் சேமித்தால் எழுத்துருவும் பொதுவாக உள்ளேயே வந்துவிடும். யுனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. அதை நிதானமாகச் செய்யலாம், மூலக் கோப்பை மட்டும் தொடாதீர்கள்.

இனி, ஃபார்மேட் செய்யத்தான் வேண்டுமா? அதையும் யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு நீட்டிப்பு உண்டு, அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சில்லாவது தேவை. 2016ல் வாங்கியதில் அது இருக்காது. எனவே பணம் கொடுத்து அதே டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் 10 போடுவதை நான் சொல்லமாட்டேன்.

என் யோசனை இதுதான். சிம் லிம் ஸ்குவேரிலோ வேறு கடையிலோ சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான ஓர் எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தச் சொல்லுங்கள். வேகம் கண்முன்னே மாறும். பழைய டிஸ்க்கைத் துடைக்காமல் கையில் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள், அது இன்னொரு நகல். அதில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதை மறையாக்கி வைக்கும் விண்டோஸின் பூட்டு, இருக்கிறதா என்று மட்டும் கழற்றுவதற்கு முன்பே பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் கழற்ற விடாதீர்கள். வங்கி வேலையெல்லாம் வேறு கருவியில் செய்துகொண்டு, இந்தக் கணினியை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தோடு மாமனார் எழுதுவதற்கு விட்டுவிடலாம். அவர் வேர்டிலேயே பழகியவர் என்றால், நீட்டிப்பில் பதிந்து விண்டோஸ் 10.

விண்டோஸை நீங்களே போடுவதானாலும் முடியும். குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பி வேண்டும், அதை விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியாக மாற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும். அந்த யூஎஸ்பியில் இருப்பதை அது முழுக்க அழித்துவிடும், ஆகவே கதைகள் இருக்கும் யூஎஸ்பியை அதற்குக் கொடுக்காதீர்கள். நிறுவும்போது நகல் டிஸ்க் கணினியில் செருகியிருக்கவே கூடாது. எந்த டிஸ்க்கைத் துடைக்க என்று திரை கேட்கும்போது தவறானதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிறையப் பேர். ஏற்கனவே விண்டோஸ் 10 முறையாக இயங்கிய கணினி என்றால் சாவி எண் வாங்க வேண்டாம், ‘என்னிடம் எண் இல்லை’ என்று தாண்டிப் போனால் இணையம் கிடைத்ததும் பொதுவாகத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆஃபீஸ் அப்படி வராது, எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் மாமனாரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் அக்கா. நகலை வேறொரு கணினியில் செருகி, அந்த எழுத்துருவை நிறுவி, முதல் வருடத்துக் கதை ஒன்று, நடுவில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று என்று திறந்து காட்டுங்கள். எழுத்து சரியாக இருக்கிறதா, ஏதாவது கதை விட்டுப்போயிருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சரி என்று சொன்ன பிறகு மடிக்கணினியைப் பையில் வையுங்கள்.