கப்பல் அதிகாரியின் தகைமைச் சான்றிதழை யார் தருகிறார்கள்?

[காட்சி: சீனன்குடா, பிரீமா மா ஆலை. கோதுமை இறக்கும் கப்பல்.]

குரல்: இந்தக் கப்பல் நடுக்கடலில் ஓடும்போது கப்டன் எந்நேரமும் விழித்திருப்பதில்லை. அவர் உறங்கும் வேளையில் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், காவல் நிற்கும் இளம் அதிகாரியை நம்பித்தான் அத்தனை உயிர்களும். அந்தப் பொறுப்பை ஏற்க அரசு தரும் அனுமதியே தகைமைச் சான்றிதழ்.

இலங்கையில் அதை வழங்குவது வணிகக் கப்பற்றுறைச் செயலகம். பயிற்சி நிலையம் தருவது பாடநெறியை முடித்ததற்கான சான்று மட்டுமே. இரண்டும் ஒன்றென்று நினைத்துக் காசைக் கொட்டிவிடாதீர்கள்.

விதிகள், கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு, காவல் பற்றிய சர்வதேச கடல்சார் அமைப்பின் 1978 ஆம் ஆண்டுச் சாசனத்திலிருந்து வருபவை. 2010 இல் மணிலாவில் பெரிதும் திருத்தப்பட்டவை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை உட்பட மருத்துவத் தகுதி வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது கடற்சேவை, அதாவது கப்பலில் பணியாற்றிய காலம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவருக்குக் குறைந்தது 12 மாதம், மற்றவருக்கு 36 மாதம். அதில் 6 மாதமாவது தகுதிபெற்றவரின் கண்காணிப்பில் பிரிட்ஜ் காவல்.

[காட்சி: பயிற்சிப் பதிவேட்டின் ஒரு பக்கம், மிக அருகில்.]

குரல்: உயிர்காப்புப் படகை இறக்குவது, ரேடாரில் எதிரே வரும் கப்பலின் போக்கைக் குறிப்பது என்று வரிக்கு ஒரு வேலை. செய்துகாட்டிய பிறகுதான் அதிகாரி திகதியிட்டுக் கையொப்பம் வைப்பார்.

பிறகு தேர்வு. வாய்மொழித் தேர்வில் இப்படிக் கேட்கலாம்: வலப்பக்கமிருந்து குறுக்கே ஒரு கப்பல் வருகிறது, மோதும் அபாயம் தெரிகிறது, என்ன செய்வீர்கள்? மோதல் தவிர்ப்பு விதி 15 இன்படி வழிவிட வேண்டியவர் நீங்கள். இயன்றவரை அதன் முன்னால் குறுக்கிடவும் கூடாது. யோசித்துத் தடுமாற அங்கே இடமில்லை.

[காட்சி: கொட்பே மீன்பிடித் துறைமுகம்.]

குரல்: “அப்பாவோடு பலநாட் கலத்தில் போயிருக்கிறேனே, அது சேராதா?” நியாயமான கேள்வி. ஆனால் மீன்பிடிக் கலங்கள் இந்தச் சாசனத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்கு 1995 இல் தனிச் சாசனம் உருவானது. காற்றையும் நீரோட்டத்தையும் சிறுவயதிலேயே படித்த பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தப் பழக்கம் பிரிட்ஜில் கைகொடுக்கும்.

கிடைத்த சான்றிதழை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த 5 ஆண்டுகளுக்குள் 12 மாதக் கடற்சேவையைக் காட்டுவது வழமையான வழி.

முகவர் யாராவது முற்பணம் கேட்டால், பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் செயலகத்திடம் விசாரியுங்கள். கடற்சேவைக்குக் கப்பலில் இடம் எடுத்துத் தருவது யார் என்பதை அவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.