மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். பழைய கணக்கில் இது அரை நாழிகைகூட இல்லை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு வடமொழியில் நாடி என்றும் பெயர். ஓலைச்சுவடியை வாசித்துப் பலன் சொல்லும் நாடி ஜோதிடத்துக்கு அதனால்தான் அந்தப் பெயர் என்பார் சிலர். நாம் அதை நாடிப் போகிறோம், அதனால் நாடி என்பார் வேறு சிலர். எது சரியோ, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்காருகிறவர்களுக்கு நாடி பார்க்கும் இடம் ஒத்துவராது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் சீர்காழிக்காரன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில் ஏழு கிலோமீட்டர் போனால் வைத்தீஸ்வரன்கோயில். சம்பந்தர் பாடிய புள்ளிருக்குவேளூர். தெருவுக்குத் தெரு ஏடு பார்க்கும் பலகைகள். இப்படி ஓர் ஊருக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் என்ன ஆகும்? சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கே இருக்கும் உறவுக்காரர்களும் நம் வீட்டில் இறங்கி, காபி குடித்துவிட்டு, ‘ஏடு பார்க்கணும், கூட வாங்க’ என்பார்கள். முப்பது வருஷமாகக் கூடப்போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றேதான்: எவ்வளவு நேரம் ஆகும்?

பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கும் தரகரைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பார். என்னைக் கேட்டால் ஒன்றரை நாள் என்பேன்.

அவ்வளவு எதற்கு என்றால், முதல் வேலை கட்டைவிரல் ரேகை. ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அந்த ரேகையை ஏதோ ஒரு வகையில் சேர்த்து, அந்த வகைக்குரிய ஏட்டுக்கட்டை உள்ளே போய்த் தேடுவார்கள். 108 வகை என்பது அவர்கள் கணக்கு. கட்டு அரை மணியில் வரலாம், மறுநாளும் வரலாம். அங்கே இல்லை, இன்னோர் ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றும் சொல்லலாம். இதில் நம் கையில் ஒன்றும் இல்லை.

கட்டு வந்தால் மட்டும் ஏடு கிடைத்ததாக ஆகிவிடாது. வாசிப்பவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, மேல் சட்டத்தை எடுத்து ஓரமாக வைப்பார். முதல் ஏட்டைத் தள்ளிப் பார்த்து, ‘உங்க தகப்பனார் பேர் ‘க’விலே ஆரம்பிக்குமா?’ என்பார். இல்லை. அடுத்த ஏடு. ‘தாயார் பேரிலே அம்மன் பேர் வருமா?’ ஆமாம். ‘கூடப் பிறந்தவங்க மூணு பேரா?’ இல்லை. மறுபடி அடுத்த ஏடு. இப்படியே கட்டு முடியும் வரை போகும். எல்லாக் கேள்விக்கும் ஆமாம் வருகிற ஏடுதான் உங்கள் ஏடு. அதில் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், நட்சத்திரம் எல்லாம் இருக்கும் என்பது அவர்கள் சொல்வது. சரி, இருக்கட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது ஆமாம், இல்லை, இரண்டே சொல். மூன்றாவது சொல் வாயில் வரக் கூடாது.

அந்த மூன்றாவது சொல்லை வரவழைப்பதே அவசரம்தான். எங்கள் அத்தான் கதையைக் கேளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கினார். மாலை ரயிலுக்குத் திரும்பு டிக்கெட் எடுத்தாயிற்று. பத்து மணிக்கு ரேகை கொடுத்தார். பன்னிரண்டரைக்குத்தான் கட்டு வந்தது. நாற்பது ஏடு தள்ளியும் பொருந்தவில்லை. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். ‘அப்பா பேர் முருகன் பேரா?’ என்று கேட்டதும், ‘ஆமாங்க, தண்டபாணி, தபால் ஆபீசிலே இருந்தார், போய் ஆறு வருஷமாச்சு’ என்று கொட்டிவிட்டார். அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் ஏடு கிடைத்தது! தகப்பனார் பெயர் தண்டபாணி, அரசுப் பணி, காலமாகிவிட்டார் என்று ராகத்தோடு வாசித்தார்கள். அத்தானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஏடு வாசிப்பதே மெதுவான வேலை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தாணியால் கீறுகிறபோது புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடும் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விட மாட்டார்கள். பழகியவர்களே நிறுத்தி நிறுத்தித்தான் பிரிக்க முடியும். நாடி ஏட்டில் இருப்பது வட்டெழுத்து என்ற பழைய எழுத்து என்பார்கள். நான் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு, கையோட்டமாகச் சேர்த்தெழுதிய தமிழாகத்தான் தெரிந்தன. அகத்தியர் கைப்பட எழுதிய ஏடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு உட்காருங்கள். நம் வெயிலுக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூற்றாண்டுதான் தாங்கும். பழசு நைந்தால் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் நம் இலக்கியங்களே பிழைத்தன.

வாசிப்புக்கு வருவோம். முதலில் பொதுக் காண்டம். அதிலேயே மொத்த வாழ்க்கையும் மேலோட்டமாக வந்துவிடும். மற்றவை தனித்தனி: நாலாவது தாய், வீடு, வண்டி, ஐந்தாவது பிள்ளைகள், ஆறாவது நோய், கடன், பகை, ஏழாவது கல்யாணம், பத்தாவது தொழில். பன்னிரண்டுக்கு மேல் சாந்தி, தீட்சை, ஔஷதம், திசாபுத்தி என்று போகும். ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு, தனித் தேடல், தனிக் கட்டணம். எந்தக் காண்டம் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்து யோசித்தால் பன்னிரண்டும் அவசியமாகத்தான் தெரியும். காண்டத்துக்கு முக்கால் மணி நேரமாவது வையுங்கள். பாட்டு, அதற்கு விளக்கம், அப்புறம் நோட்டில் எழுதித் தருவது. முன்பு கேசட், பிறகு சிடி, இப்போது செல்போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். நோட்டை வாங்கியதும் அங்கேயே ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். அத்தான் நோட்டு தயாராவதற்குள் ரயிலுக்கு ஓடினார். தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

நேரம் அதிகம் வேண்டியது சாந்திக் காண்டத்துக்குத்தான். பூர்வ ஜன்மத்தில் இன்ன பாவம், அதற்கு இன்ன கோயிலில் விளக்கு, இன்ன ஹோமம் என்று வரும். கோயிலுக்கு நீங்களே போய்விடலாம். திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஹோமத்தை நாங்களே செய்துவிடுகிறோம், பணத்தை மட்டும் கட்டுங்கள் என்றால், ‘வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்’ என்று எழுந்துவிடுங்கள். அன்று ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் முடிவு செய்யுங்கள். நான் சொன்ன ஒன்றரை நாளில் அந்த அரை நாள் இதற்குத்தான்.

நாள் பார்ப்பதும் உண்டு. செவ்வாய்க்கிழமை வேண்டாம். அங்காரகன், அதாவது செவ்வாயின் தலம், கூட்டம் நெரியும். கிருத்திகையும் வேண்டாம், முத்துக்குமாரசாமி அபிஷேகத்துக்கு ஊரே திரண்டிருக்கும். சித்திரை இரண்டாம் செவ்வாய் நகரத்தார் நடந்து வரும் நாள்; அன்றைக்கு ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் விடாது. இன்னொரு சின்ன விஷயம்: முன்பணத்தை ஜிபேயில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் உங்கள் பெயர் உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நேரில் போய் ரொக்கமாகக் கொடுங்கள்.

இதை நீ நம்புகிறாயா என்று கேட்பீர்கள். நான் என் ஏட்டைத் தேடியதில்லை. நம்பிக்கையோடு போகிறவரைத் தடுத்ததும் இல்லை. தையல்நாயகியைக் கும்பிட்டுவிட்டு, குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டுப் போங்கள் என்பேன்.

போன தை மாதம் அத்தான் மறுபடி வந்தார். இந்தத் தடவை திரும்பு டிக்கெட் எடுக்கவில்லை. புதன் ராத்திரி வந்து, வியாழன் காலை வேறோர் இடத்தில் ரேகை மட்டும் கொடுத்தார். பெயரும் சொல்லவில்லை, செல்போன் நம்பருக்குப் பதிலாக என் வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்தார். மத்தியானம் அக்கா செய்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை தூங்கினார். மறுநாள் காலை கூப்பிட்டார்கள். இரண்டு கட்டு. ஆமாம், இல்லை, இல்லை, ஆமாம், இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கடைசி ஏடும் தள்ளியாயிற்று. ‘உங்களுக்கு இன்னும் வேளை வரலைங்க’ என்று சொல்லி, பணம் வாங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

கோயில் வாசலில் பிரசாதமான திருச்சாந்துருண்டைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே அத்தான் கேட்டார்: ‘மாப்பிள்ளே, போன தடவை பத்து நிமிஷத்திலே கிடைச்சுதே, அது யாரோட ஏடு?’